ஆன்டி-செமிட்டிசம்: யூத எதிர்ப்பா, யூத வெறுப்பா?

2006 ஜூலை 28, பொழுது விடிவதற்கு முன், கலிஃபோர்னியாவில் மாலிபு கடற்கரைச் சாலையில் நடிகர் மெல் கிப்சனின் காரைப் போலீஸ் மடக்கியது. 45 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 80ஐத் தாண்டிப் பறந்திருக்கிறார், காருக்குள் திறந்த டெக்கீலா பாட்டில், சோதித்ததில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.12 சதவீதம் (சட்ட வரம்பு 0.08). இதோடு நின்றிருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருப்பார், ஊரும் மறந்திருக்கும். ஆனால் மனிதர் கைது செய்தவரிடம், உலகத்தில் நடக்கிற எல்லாப் போருக்கும் யூதர்கள்தான் காரணம் என்று கத்திவிட்டு, "நீ யூதனா?" என்றும் கேட்டார். அந்தப் போலீஸ்காரர் நிஜமாகவே யூதர்.

கைது அறிக்கை உடனே இணையத்தில் வந்துவிட்டது. மறுநாளே கிப்சன் மன்னிப்புக் கேட்டார்: இழிவான விஷயங்களைச் சொல்லிவிட்டேன், அவை உண்மை என்று நான் நம்பவில்லை, இப்படி. அதில் 'யூதர்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. யூதர்களுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பான அவதூறு எதிர்ப்புக் கழகத்தின் தலைவர் ஏபிரகாம் ஃபாக்ஸ்மன் இதெல்லாம் மன்னிப்பே இல்லை என்று தள்ளிவிட்டார். ஹாலிவுட்டில் பெரிய ஏஜென்ட்டான ஆரி இமானுவேல், இந்த ஆளோடு யாரும் வேலை செய்யாதீர்கள் என்று வெளிப்படையாக எழுதினார், நடிகை ஜோடி ஃபாஸ்டரோ கிப்சன் அப்படிப்பட்டவர் இல்லை என்று பரிந்து பேசினார். கிப்சன் நிறுவனத்தோடு சேர்ந்து எடுக்க இருந்த ஒரு தொடரை ஏபிசி தொலைக்காட்சி கைவிட்டது. அது நாஜிகள் காலத்து யூதர்களின் கதை என்பதுதான் கூத்து. கைதாகி நான்கு நாள் கழித்து இரண்டாவது மன்னிப்பு வந்தது. அதில்தான் அந்தச் சொல் வருகிறது: நான் 'ஆன்டி-செமைட்' இல்லை.

சரி, அது என்ன செமைட்?

தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு நோவாவின் மூன்று பிள்ளைகளைத் தெரியும்: சேம், காம், யாப்பேத். இதில் மூத்தவராகச் சொல்லப்படும் சேம்தான் 'செமிட்டிக்' என்ற சொல்லின் வேர். வேடிக்கை என்னவென்றால், சேமின் பெயர் முக்கியமாக வரும் கதையே ஒரு குடிபோதைக் கதை. வெள்ளம் வடிந்தபின் நோவா திராட்சைத் தோட்டம் போட்டு, அதன் ரசத்தைக் குடித்து, கூடாரத்தில் துணி விலகிக் கிடக்கிறார். காம் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொல்கிறான், சேமும் யாப்பேத்தும் பின்பக்கமாகவே நடந்துவந்து போர்த்திவிடுகிறார்கள். போதை தெளிந்து எழுந்த கிழவர் செய்த முதல் வேலை, காமின் மகன் கானானைச் சபித்தது. அந்தச் சாபத்தைக் காட்டித்தான் பிற்காலத்தில் கறுப்பர்களை அடிமைகளாக வைத்திருந்ததற்கே நியாயம் சொன்னார்கள்.

1781இல் ஷ்லோட்சர் என்ற ஜெர்மன் அறிஞர் எபிரேயம், அரபு, அரமேயம் போன்ற மொழிகளுக்குப் பொதுப்பெயராக 'செமிட்டிக்' என்பதைப் பயன்படுத்தினார். கால்டுவெல் 'திராவிட' என்று ஒரு மொழிக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தாரே, கிட்டத்தட்ட அதே மாதிரியான வேலை. பிரச்சினை அதற்கப்புறம்தான். மொழிக்கு வைத்த பெயரை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரத்தத்துக்கும் இனத்துக்கும் தூக்கி வைத்தார்கள். ஆரிய மொழி ஆரிய ரத்தமானது, செமிட்டிக் மொழி செமிட்டிக் இனமானது. மொழியறிஞர் மாக்ஸ் முல்லரே கடுப்பாகி, ஆரிய ரத்தம் என்று பேசுகிற ஆள், மண்டையோட்டு வடிவத்தில் அகராதி இருக்கிறது என்று சொல்கிற ஆளுக்குச் சமம் என்ற கருத்தில் எழுதினார்.

இந்தச் சூழலில்தான் வில்ஹெல்ம் மார் வருகிறார். ஜெர்மன் பத்திரிகையாளர். 1879இல் யூதர்கள் ஜெர்மானியரை வென்றுவிட்டார்கள் என்று புலம்பி ஒரு சிறுநூல் போட்டார், அதே ஆண்டில் 'ஆன்டிசெமிட்டன் லீகா' என்று ஓர் அமைப்பையும் தொடங்கினார். சொல்லைக் கண்டுபிடித்தது அவர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியில்லை. 1860இலேயே ஸ்டைன்ஷ்னைடர் என்ற யூத அறிஞர், செமிட்டிக் இனம் தாழ்ந்தது என்று எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரெனானைக் கண்டிக்கும்போது அந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். ஆனால் சொல்லை ஒரு கொடியாகத் தூக்கிப் பிடித்து, ஆமாம் நான் அதுதான் என்று நெஞ்சைத் தட்டியது மார் கும்பல்தான்.

அதற்கு முன்பு ஜெர்மன் மொழியில் இதற்கு ஒரு சொல் இல்லாமலா இருந்தது? இருந்தது: 'யூடன்ஹாஸ்'. யூடன் என்றால் யூதர், ஹாஸ் என்றால் வெறுப்பு. அதை வாயில் போட்டுக்கொண்டு கௌரவமாக உலாவ முடியாது, கேட்டாலே நாற்றமடிக்கும். 'செமிட்டிசத்துக்கு எதிரானவன்' என்றால் ஏதோ கொள்கை பிடித்த ஆள், அறிவியல் படித்த ஆள் என்ற தோரணை வந்துவிடுகிறது. பழைய வெறுப்பு மதத்தின் பெயரால் இருந்தது, மதம் மாறினால் ஓரளவு தப்பலாம். புதுப்பெயரில் அது பிறப்போடு ஒட்டிக்கொண்டது.

இதை விளங்கிக்கொண்டால் அடிக்கடி கேட்கிற ஒரு வாதமும் விழுந்துவிடும்: "அரபிகளும் செமைட்டுகள்தானே, அவர்கள் எப்படி ஆன்டி-செமைட் ஆக முடியும்?" சொல்லைப் பிய்த்துப் பார்த்தால் சரி போலத் தோன்றும். ஆனால் மாரின் குறி அரபிகள் இல்லை, முதல் நாளிலிருந்தே அந்தச் சொல் குறிவைத்தது யூதர்களை மட்டும்தான். 'செமிட்டிசம்' என்று எதிர்ப்பதற்கு ஒரு பொருளே உலகத்தில் கிடையாது. அதனால்தான் ஆங்கிலத்தில் பலர் நடுவில் இருந்த இடைக்கோட்டை எடுத்துவிட்டார்கள், 2021இல் ஏபி செய்தி நிறுவனமும் எடுத்தது.

இனி தமிழுக்கு வருவோம். 'செமிட்டிய எதிர்ப்பு' என்று சிலர் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார்கள். வேண்டாம், படிப்பவருக்கு ஒன்றும் புரியாது, புரிந்தால் தப்பாகப் புரியும். பத்திரிகைகளில் வழக்கமாகப் பார்ப்பது 'யூத எதிர்ப்பு'. எனக்கு நெருடுவது இதுதான். தமிழில் 'எதிர்ப்பு' என்பது கௌரவமான சொல். இந்தி எதிர்ப்பு என்றால் 1938உம் 1965உம் ஞாபகம் வரும், சாதி எதிர்ப்பு, மது எதிர்ப்பு என்று எல்லாமே ஒரு திணிப்பையோ தீமையையோ எதிர்த்து நிற்பது. அந்த வரிசையில் 'யூத எதிர்ப்பு' என்று போட்டால், யூதர்கள் ஏதோ செய்தார்கள், இவர்கள் எதிர்த்தார்கள் என்ற தொனி தானாகவே வந்து ஏறிக்கொள்கிறது. மார் ஜெர்மன் மொழியில் செய்த தந்திரத்தை நாம் தெரியாமலே தமிழில் செய்துகொண்டிருக்கிறோம். 'யூத வெறுப்பு' என்று எழுதினால் தீர்ந்தது. 'எதிர்ப்பு' என்பதை இஸ்ரேல் அரசின் செயல்களைக் கண்டிப்பவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம், அவர்கள் எதிர்ப்பது ஓர் அரசை. கிப்சன் பிடிபட்ட வாரம் லெபனானில் இஸ்ரேலும் ஹிஸ்புல்லாவும் அடித்துக்கொண்டிருந்தன. போரைத்தானே சொன்னார் என்று வக்காலத்து வாங்கலாம்தான். ஆனால் மாலிபுவில் வண்டியை நிறுத்திய போலீஸ்காரரிடம் கேட்ட கேள்வி போரைப் பற்றியது இல்லை.

இன்னொரு சொல்லும் இங்கே மாட்டுகிறது: 'உளறல்'. பிரபலம் யாராவது குடித்துவிட்டு எதையாவது சொன்னால் தலைப்பு தயாராக இருக்கும், 'போதையில் உளறிய நடிகர்' என்று. உளறல் என்றால் அர்த்தமில்லாத பேச்சு. ஒரு கூட்டத்தைக் குறிப்பாகச் சொல்லி, எதிரே நிற்பவர் அந்தக் கூட்டமா என்று விசாரிக்கிற பேச்சில் அர்த்தத்துக்கு என்ன குறை? "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்பது நம்ம ஊர் சமாதானம். வள்ளுவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை, கள்ளுண்ணாமையில் "நெஞ்சத்து ஒளித்ததூஉம் ஆங்கே மிகும்" என்கிறார், ஒளித்து வைத்தது அந்த நேரத்தில்தான் பொங்கிவரும். யூதர்களின் மத நூலான தல்மூதிலும் இதே பேச்சு உண்டு: மது உள்ளே போனால் ரகசியம் வெளியே வரும். எபிரேயத்தில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, மதுவுக்கான 'யாயின்', ரகசியத்துக்கான 'ஸோத்' இரண்டுக்கும் கூட்டுத்தொகை 70. கணக்குப் போட்டே சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்காவில் கிப்சன் மீதான வழக்கு குடித்துவிட்டு ஓட்டியதற்கு மட்டும்தான், பேச்சுக்கு வழக்கு இல்லை. மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் அபராதமும் கிடைத்தன. பத்து வருடம் கழித்து அவர் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தார். பாரிஸில் கதை வேறு. 2011இல் ஆடை வடிவமைப்பாளர் ஜான் கலியானோ ஒரு காபிக் கடையில் குடித்துவிட்டு இதே ரகத்தில் பேசினார், ஹிட்லரைப் பிடிக்கும் என்று அவர் சொன்ன வீடியோவும் வெளியானது. டியோர் நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. பிரான்சில் பிறப்பையும் மதத்தையும் வைத்து ஒருவரை இழிவுபடுத்துவதே குற்றம் என்பதால் நீதிமன்றத்தில் நின்றார். குடியும் மாத்திரையும் காரணம் என்றார். கோர்ட் 6,000 யூரோ அபராதம் விதித்து, கட்டுவதை நிறுத்தி வைத்தது.

கிப்சனின் இரண்டாவது மன்னிப்பைத் தமிழில் போடுவதாக வைத்துக்கொள்வோம். "நான் யூத எதிர்ப்பாளன் இல்லை" என்று எழுதினால் ஏதோ கட்சி அறிக்கை மாதிரி இருக்கிறது. "நான் யூதர்களை வெறுப்பவன் இல்லை" என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே "நீ யூதனா?" என்பதையும் வைத்துப் பாருங்கள்.