நானோடிராப் எண்ணை மட்டும் நம்பி டிஎன்ஏவை அனுப்பாதீர்கள்

பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகுதியைச் சீக்வென்ஸ் செய்யக் கொடுக்கும் குழாய்களில் அடிக்கடி பார்ப்பது இது: மேலே மைக்ரோலிட்டருக்கு 150 நானோகிராம் என்று எழுதியிருக்கும், உள்ளே அதில் பாதிகூட இருக்காது. எழுதியவர் பொய் சொல்லவில்லை; நானோடிராப் (ஒளி உறிஞ்சலை வைத்து டிஎன்ஏ அளவைக் காட்டும் கருவி) காட்டியதைத்தான் எழுதினார். 260 நானோமீட்டர் ஒளியை எது உறிஞ்சினாலும் அந்தக் கருவி டிஎன்ஏ கணக்கில் சேர்த்துவிடும். ஆர்என்ஏ, உதிரி நியூக்ளியோடைடுகள், மிச்சமான ஃபீனால் எல்லாம் அந்த எண்ணுக்குள் வந்துவிடும்.

அளவுக்குக் கியூபிட் (ஒளிரும் சாயத்தால் டிஎன்ஏவை அளக்கும் கருவி), தூய்மைக்கு நானோடிராப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கியூபிட்டின் சாயம் இரட்டை இழை டிஎன்ஏவோடு சேரும்போதுதான் நன்றாக ஒளிரும். நானோடிராப்பில் 260/280 விகிதம் (அந்த இரு அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலின் விகிதம்) 1.8க்கும் 2.0க்கும் இடையில், 260/230 விகிதம் 2.0 முதல் 2.2 வரை இருந்தால் நிம்மதி. இரண்டு கருவிகளின் அளவும் வெகுவாக விலகி, 260/280 விகிதம் 2.0ஐத் தாண்டினால் முதலில் ஆர்என்ஏவைச் சந்தேகியுங்கள். ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் ஏ நொதியைச் சேர்க்கும் படி விடுபட்டிருக்கும், அல்லது நொதி பழையதாக இருக்கும். 260/230 இறங்கினால் பெரும்பாலும் டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டில் உள்ள குவானிடின் உப்பு சரியாகக் கழுவப்படவில்லை. கிளெப்சியெல்லா போலத் தடித்த உறையுள்ள பாக்டீரியாவில் பாலிசாக்கரைடும் (உறையின் சர்க்கரைச் சங்கிலி) காரணமாகலாம். கரைசல் பிசுபிசுவென்று இழுத்தால் அதுதான். அது கிட்டில் டிஎன்ஏவைப் பிடிக்கும் சவ்வை அடைக்கும், பின்னால் வரும் நொதிகளையும் முடக்கும். அப்படிப்பட்டவற்றில் தொடக்கத்திலேயே குறைவான செல்களை எடுப்பது நல்லது.

‘நிறைய செல் போட்டால் நிறைய டிஎன்ஏ கிடைக்கும்’ என்ற நினைப்பை விடுவது அவசியம். ஓர் இரவு வளர்ந்த ஈ. கோலை திரவ ஊடகத்தில் 1 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்கும். சிலிக்கா சவ்வுள்ள பல கிட்டுகளின் உச்சவரம்பு 200 கோடி. அதற்கு மேல் போனால் செல்கள் முழுமையாக உடையாது, சவ்வு அடைபடும், கிடைக்கும் டிஎன்ஏ குறைந்தே போகும்.

அதற்கும் முந்தைய படி அகார் தட்டு. ஒரே காலனியை எடுத்து மீண்டும் கோடிழுத்து வளர்த்து, அதிலிருந்தும் ஒரே காலனியை எடுங்கள். வேறு இனம் கலந்தால் எளிதில் தெரிந்துவிடும்: சுமார் 50 லட்சம் கார இணைகள் வரவேண்டிய ஈ. கோலை அசெம்பிளி (துண்டுகளைக் கோத்து உருவாக்கும் மரபணுத்தொகுதி) 90 லட்சமாக வரும். ஒரே இனத்தின் இரு வகைகள் கலந்தால்தான் ஆபத்து. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், நோய்ப்பரவல் ஆய்வில் தொடர்பு தவறாக விழும். மருந்து எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையம்) இருந்தால், மருந்தில்லாத ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்க்கையில் பிளாஸ்மிடே தொலைந்துபோகலாம். பிறகு ‘ஆய்வகச் சோதனையில் எதிர்ப்பு, சீக்வென்சில் மரபணு இல்லை’ என்று குழம்ப வேண்டியதாகிறது.

செல்லை உடைக்கும் முறை இனத்தைப் பொறுத்தது. மெல்லிய சுவருள்ள கிராம்-நெகட்டிவ் என்றால் புரோட்டினேஸ் கே (புரதத்தை வெட்டும் நொதி), 56 டிகிரி, பெரிய சிரமமில்லை. தடித்த சுவருள்ள கிராம்-பாசிட்டிவ் என்றால் அதற்கு முன் சுவரை உடைக்கும் லைசோசைம் நொதி (மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், 37 டிகிரியில் 30 நிமிடம்) வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு அதுவும் போதாது. அதன் சுவர் லைசோசைமுக்கு மசியாது, லைசோஸ்டாஃபின் என்ற வேறொரு நொதி தேவை. காசநோய்க் கிருமியை வெப்பத்தால் கொன்ற பிறகும், அது உண்மையிலேயே செத்துவிட்டதை வளர்ப்புச் சோதனையால் உறுதிசெய்த முறையில் மட்டுமே பாதுகாப்பு ஆய்வகத்தை விட்டு வெளியே எடுங்கள். இதில் அவசரம் உங்கள் பக்கத்து மேசைக்காரரின் நுரையீரலைப் பாதிக்கும்.

கடைசிக் கழுவலுக்குப் பின் சவ்வுள்ள குழலை வெறும் குழாயில் வைத்து முழு வேகத்தில் 2 நிமிடம் சுழற்றுங்கள். எத்தனால் தங்கினால் ஜெல் குழியில் மாதிரி அமிழாமல் மிதந்து வெளியேறும். டிஎன்ஏவை 10 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8.5 கரைசலில் எடுங்கள். டிஇ பஃபரில் எடுக்காதீர்கள்; அதில் உள்ள இடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லைப்ரரி (சீக்வென்ஸ் செய்யத் தயாரான டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு) தயாரிக்கும் நொதிகள் மெக்னீசியம் இல்லாமல் வேலை செய்யா.

டிஎன்ஏவை நொதியால் வெட்டி லைப்ரரி தயாரிக்கும் நெக்ஸ்டெரா எக்ஸ்டி போன்ற கிட்டுக்கு அளவுத் துல்லியமே உயிர். மைக்ரோலிட்டருக்கு 0.2 நானோகிராமாக நீர்த்து 5 மைக்ரோலிட்டர், அதாவது மொத்தம் 1 நானோகிராம். டிஎன்ஏ கூடினால் துண்டுகள் நீளமாகிவிடும். குறைந்தால் நொதி மிஞ்சி எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டும். நானோடிராப் எண்ணை வைத்து நீர்த்தவர்களின் லைப்ரரி கெடுவது இங்கேதான். நீர்க்கும்போது 2 மைக்ரோலிட்டருக்குக் குறைவாகப் பிபெட் செய்யாதீர்கள். இரண்டு படிகளாக நீர்ப்பது மேல்.

நானோபோர் போன்ற நீள்வாசிப்புக்குப் போகும் டிஎன்ஏவை வோர்டெக்ஸில் (வேகமாகக் குலுக்கும் கருவி) வைக்கவே கூடாது. வாயகன்ற டிப், மெதுவான கை, திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்காமை ஆகியவை நீளத்தைக் காக்கும். 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் மேலே தெளிவான ஒற்றைப் பட்டை தெரிந்தால் அனுப்பலாம். கீழ்வரை தேய்ந்து இறங்கினால் டிஎன்ஏ நொறுங்கியிருக்கிறது, கீழே மட்டும் மங்கலான திட்டு என்றால் ஆர்என்ஏ.

ஒவ்வொரு தொகுதியிலும் செல் போடாத ஒரு குழாயையும் எல்லாப் படிகளிலும் கொண்டுபோங்கள். அதில் டிஎன்ஏ தெரிந்தால் அந்தத் தொகுதியை அனுப்பக் கூடாது. 96 குழித் தட்டில் அனுப்பினால், சீலைப் பிரிக்கும் முன் சுழற்றி மூடியில் ஒட்டிய துளிகளை இறக்கிவிடுங்கள். பக்கத்துக் குழிக்குத் தெறிக்கும் ஒரு துளி போதும், இரு நோயாளிகளின் கிருமிகளை ஒன்றாகக் காட்ட.