பக்கவாட்டில் வந்த வெள்ளம்: வால்மேயர் ஏன் மேடேறியது?

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலிருந்து சுமார் 25 மைல் தெற்கே, மிசிசிப்பி ஆற்றின் கிழக்குப் படுகையில் 1909-ல் தோன்றிய சிற்றூர் வால்மேயர். இல்லினாய் மாநிலம், மன்றோ கவுண்ட்டியைச் சேர்ந்தது. 1990 கணக்கெடுப்பில் 897 பேர். ஒருபுறம் ஆறு, மறுபுறம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைக் குன்று, நடுவே தட்டையான வண்டல் நிலம். 1943, 1944, 1947 என்று ஐந்தே ஆண்டுகளில் மூன்று முறை வெள்ளம் ஊருக்குள் வந்தது. அதன் பிறகு ராணுவப் பொறியாளர் படை ஆற்றோரக் கரைகளை உயர்த்தியது. அடுத்த 46 ஆண்டுகள் ஊருக்குள் ஆற்றுநீர் வரவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் அந்த மண்கரையை நம்பி வீடு கட்டியது.

1993 கோடையில் மழைமேகங்கள் மேல்மிசிசிப்பிப் பகுதியை விட்டு நகரவே இல்லை. முந்தைய இலையுதிர்காலத்திலேயே நிலம் ஊறிப்போயிருந்ததால் பெய்த மழை அப்படியே ஆற்றில் சேர்ந்தது. செயிண்ட் லூயிஸில் வெள்ள அபாய அளவு 30 அடி. ஆகஸ்ட் 1 அன்று நீர்மட்டம் 49.58 அடியைத் தொட்டது. வினாடிக்கு ஏறக்குறைய 10 லட்சத்து 80 ஆயிரம் கன அடி நீர் ஓடியது. உச்சத்தைவிட ஆபத்தானது, நீர் நின்ற காலம். அந்த ஆண்டு 100 நாட்களுக்கும் மேல் ஆறு அபாய அளவுக்கு மேலேயே இருந்தது. மண்கரை ஒரு வாரத்தைத் தாங்கும். மாதக்கணக்கில் நனைந்தால் அதன் கதை வேறு.

கரை உடைவது என்றதும் நீர் மேலே ஏறி வழிவதுதான் நம் நினைவுக்கு வரும். அப்படியும் உடையும். கரையின் உட்சரிவில் வழிந்து விழும் நீர் முதலில் அடிவாரத்தை அரிக்கும், பிறகு அந்த அரிப்பு உச்சியை நோக்கி ஏறும். ஆனால் கரையின் உச்சி நீர்மட்டத்துக்கு மேல் உயரமாக இருக்கும்போதே அது அடியிலிருந்தும் சாயலாம். வண்டல் படுகையில் மேலே சில அடி களிமண், அதன் கீழே ஆழமான மணல். ஆற்றின் அழுத்தம் மணல் வழியே கரைக்கு அடியில் புகுந்து, ஊர்ப்பக்கக் களிமண்ணை மேல்நோக்கித் தள்ளும். தண்ணீரில் ஊறிய களிமண்ணின் நிகர எடை ஏறக்குறைய அதே கன அளவுள்ள தண்ணீரின் எடைதான். ஆகவே 5 அடிக் களிமண்ணுக்குக் கீழே, தரைமட்டத்துக்கு மேல் 5 அடி உயர நீருக்குச் சமமான அழுத்தம் சேர்ந்தால் அந்தத் தரை பிளந்துகொள்ளும். பிளந்த இடத்தில் மணலும் நீரும் ஊற்றாகக் கொப்பளிக்கும். சுற்றிலும் எறும்புப் புற்று போல மணல் குவிந்தால், கரைக்கு அடியில் குழாய் போல ஒரு குடைவு ஆற்றை நோக்கிப் பின்னேறுகிறது என்று பொருள். கரையோரம் வெட்டிய வாய்க்கால், மண் எடுத்த குழி, எலிவளை எல்லாம் களிமண்ணை மெலிதாக்கி இதற்கு வழிவிடும்.

இந்த ஊற்றைக் கண்டதும் அடைக்கக் கை பரபரக்கும். அடைக்கவே கூடாது. அடைத்தால் அதே அழுத்தம் பத்தடி தள்ளி இன்னொரு இடத்தைப் பிளக்கும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளால் கிணற்றுச் சுவர் போல வளையம் கட்டி, உள்ளே நீர் உயர விடவேண்டும். உயரும் நீரின் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தை எதிர்க்கும். கலங்கல் தெளிந்து, மணல் இல்லாத நீர் மட்டும் வழிந்தால் போதும், அதற்குமேல் வளையத்தை உயர்த்த வேண்டாம்.

கரை உச்சியை உயர்த்துவது வேறு வேலை. மூட்டையைப் பாதி அல்லது சற்று அதிகமாகவே நிரப்பவேண்டும். முழுக்க நிரப்பினால் உருண்டையாகி, மூட்டைகளுக்கு நடுவே சந்து விழும். செங்கல் கட்டுவது போல மூட்டுகள் மாறி வரவேண்டும், அடி அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கவேண்டும். அதனால்தான் உயரம் கூடக்கூடத் தேவை பல மடங்காகிறது. 100 அடி நீளத்துக்கு 1 அடி உயர்த்தச் சில நூறு மூட்டை போதும். 3 அடி என்றால் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

இத்தனை உழைப்பும் வால்மேயரில் நடந்தது. ஆனாலும் ஊரைக் கவிழ்த்த உடைப்பு ஊருக்கு எதிரே நிகழவில்லை. இந்தப் படுகை ஒரே தொட்டி அல்ல. கிளை ஓடைகளால் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஆற்றோரக் கரையும் ஓடையோரப் பக்கக்கரைகளும் உண்டு. ஆகஸ்ட் 1 அன்று வடக்கே கொலம்பியா பிரிவின் கரை உடைந்தது. உள்ளே புகுந்த நீர் சரிவில் தெற்கே ஓடி, ஃபவுண்டன் ஓடையின் பக்கக்கரைகளைத் தாண்டி வால்மேயர் இருந்த பிரிவுக்குள் இறங்கியது. ஊர் மூழ்கியது. மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள்.

கரைக்குள் அடைபட்ட நீர் ஏன் இவ்வளவு மூர்க்கமானது? இப்பகுதியில் ஆற்றின் மட்டம் ஒரு மைலுக்கு ஏறக்குறைய அரை அடி சரிகிறது. 20 மைல் நீளத் தொட்டிக்குள் மேல்முனையில் புகும் நீர் கீழ்முனையில் போய்த் தேங்கும்போது, அங்கே வெளியே ஓடும் ஆற்றைவிட 10 அடி வரை உயரமாக நிற்கக்கூடும். எந்தப் பக்கக்கரையும் அந்த உயரத்துக்குக் கட்டப்படுவதில்லை. தெற்கே 1722-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய பிரேரி டு ரோஷே கிராமம் அடுத்து நின்றது. அதைக் காக்க, ஊருக்கு மேலே ஆற்றோரக் கரையை வேண்டுமென்றே வெட்டினார்கள். முதலில் ஆற்றுநீர் உள்ளே வந்து, பாய்ந்து வரும் அலைக்கு மெத்தை போலத் தேங்கியது. பிறகு அதே வெட்டு மிகைநீருக்கு வடிகாலாயிற்று. கிராமம் தப்பியது. பதற்றமான நேரத்தில் கணக்கை நம்பி எடுத்த துணிச்சலான முடிவு அது.

உடைந்த கரையைச் சரிசெய்வதற்குள் செப்டம்பரில் வால்மேயருக்குள் மீண்டும் நீர் புகுந்தது. பெரும்பாலான கட்டடங்கள் பாதிக்குமேல் சேதம். இங்கேதான் தேசிய வெள்ளக் காப்பீட்டு விதி குறுக்கிட்டது. பழுதுபார்க்கும் செலவு வெள்ளத்துக்கு முந்தைய சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், ஓராண்டில் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்துக்கு வீட்டை உயர்த்தியே ஆகவேண்டும். வால்மேயரில் அது வீடுகளைத் தூண்களின் மேல் நிறுத்துவதற்குச் சமம். மாற்றுவழி, அரசு வீட்டை விலைக்கு வாங்கி இடிப்பது. 1993 டிசம்பரில் வந்த சட்டம் இத்தகைய திட்டங்களில் மத்திய அரசின் பங்கை 50-லிருந்து 75 சதவீதமாக்கியது. வீட்டைப் பழுதுபார்ப்பதற்காக ஏற்கெனவே வாங்கிய காப்பீட்டுத் தொகை விலையில் கழிக்கப்படும். அந்தப் பணத்தை அதற்கே செலவழித்ததற்கு ரசீது வைத்திருப்பவர்களுக்குக் கழிக்கும் தொகை குறையும். விற்ற நிலம் என்றென்றும் திறந்தவெளியாகவே இருக்கவேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள்.

ஆளுக்கொரு திசையில் பிரியாமல் சேர்ந்தே போவது என்று ஊர் முடிவெடுத்தது. பழைய ஊரைவிடச் சுமார் 400 அடி உயரத்தில், குன்றின் மேல் 500 ஏக்கர் வாங்கினார்கள். 1995-ல் குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. 2000-ல் 608 ஆகச் சரிந்திருந்த மக்கள்தொகை 2010-ல் 1,263 ஆனது.

மேட்டிலும் நீர் கவலையாகவே தொடர்கிறது, வேறு உருவத்தில். மன்றோ கவுண்ட்டியின் மேட்டுநிலம் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் பாறையைக் கரைத்து நிலத்தடியில் வெற்றிடங்களை உண்டாக்க, மேல்மண் உள்ளிறங்கிப் பள்ளங்கள் விழும். கூரைநீரும் சாலைநீரும் ஒரே இடத்தில் குவிந்து இறங்கினால் புதுப் பள்ளம் திறக்கும். கழிவுநீர் அதில் புகுந்தால் மண்ணில் வடிகட்டப்படாமல் நேராக ஊற்றுகளுக்குப் போய்விடும். அதனால் இந்த மண்ணில் எந்த மனைக்கும் வடிகால் வரைபடம்தான் முதலில் வரவேண்டும். கீழே பழைய ஊரில் சில வீடுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. மற்ற மனைகளில் புல்லும் பயிரும்.