மூன்றடி உயரத்தில் வெயில் வேறு

வானிலை அறிக்கை 36 டிகிரி என்றால், அது நிழல் பெட்டிக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அளந்த காற்றின் சூடு. வெளியூரில் குடும்பத்தோடு நகரம் சுற்றும்போது, அந்த உயரத்தில் இருப்பது பெரியவர்களின் முகம்தான். மூன்று வயதுக் குழந்தையின் முகம் அதற்கும் கீழே, தார்ச்சாலைக்குப் பக்கத்தில் வருகிறது. உச்சி வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அதனால் அப்பாவுக்குத் தாங்கக்கூடியதாகத் தோன்றும் தெரு, கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைக்கு அடுப்படி.

உடல்வாகும் குழந்தைக்குச் சாதகமாக இல்லை. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. சுற்றுப்புறம் அதைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் வெளியேறுவதற்குப் பதில் உள்ளே நுழைகிறது. பிறகு வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் போய்விடும். 'ஆவியானால்' என்பதுதான் முக்கியம். புழுக்கத்தில் சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, நீரைத்தான் குறைக்கும். சிறுவர்களுக்கு வியர்ப்பதே குறைவு.

வெயில் படாமல் இருக்கட்டுமென்று ஸ்ட்ரோலரைத் துணியால் மூடுவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு தேங்கும். குழந்தையின் முகமும் கண்ணில் படாது. குடையை நிழலுக்குச் சாய்த்து, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மெல்லிய துணிதான் வேண்டுமென்றால் நனைத்துப் பிழிந்து, ஒரு பக்கம் திறந்தபடி போட்டு, சின்ன பேட்டரி விசிறியை வையுங்கள். துணி காயக் காய நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கதைதான்.

தண்ணீரை, குழந்தை கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்குத் தாகம் நினைவில் இருக்காது. 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு போதும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். பாலையே அடிக்கடி கொடுக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, டயாப்பர் வெகுநேரம் காய்ந்தே இருந்தாலோ நடையை நிறுத்திவிட்டுக் குளிர்ந்த இடத்துக்குள் போய்விடுங்கள்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறி, தள்ளாடினால் அது வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கக்கூடும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தடுமாறும்போது வாயில் எதுவும் புகட்டக் கூடாது. பாராசிட்டமாலும் உதவாது. காய்ச்சலில் மூளையே ஏற்றி வைத்த வெப்ப அளவைத்தான் அந்த மாத்திரை இறக்கும். இங்கே மூளை எதையும் ஏற்றவில்லை, சூடு வெளியிலிருந்து வந்து உள்ளே சிக்கிக்கொண்டது.