திருமுழுக்கு: சொல் விளக்கம்

வயது வந்த ஒருவர் கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்கும்போது, அவரை நீரினால் திருச்சபையில் சேர்க்கும் சடங்கிற்குத் தமிழில் இரண்டு சொற்கள் உள்ளன. சீர்திருத்தச் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் ஞானஸ்நானம் என்கின்றனர். முன்பு அதே சொல்லை வழங்கிய கத்தோலிக்கர் இன்று திருமுழுக்கு என்கின்றனர். இரண்டிற்கும் மூலம் 'அமிழ்த்து', 'தோய்' என்று பொருள்படும் கிரேக்க வினையாகிய 'பாப்திஸோ' ஆகும். மலையாளக் கிறிஸ்தவர் சிரியாக் மொழியிலிருந்து 'மாமோதீசா' என்ற சொல்லை ஒலியோடு எடுத்துக்கொண்டனர்; தமிழர் ஒலியை விட்டுப் பொருளை எடுத்துக்கொண்டனர்.

ஞானம், ஸ்நானம் என்னும் இரு வடசொற்களின் கூட்டே ஞானஸ்நானம். இதிலுள்ள 'ஞான' என்பதற்கு அறிவு என்று பொருள்கொண்டால் சொல் பிடிபடாது. ஞானத்தகப்பன், ஞானத்தாய், ஞானப்பாட்டு ஆகிய கிறிஸ்தவ வழக்குகளில் போலவே இங்கும் அது 'உடலைச் சாராதது, ஆன்மாவைச் சார்ந்தது' என்னும் அடைமொழியாக நிற்கிறது. எனவே இது அழுக்குப் போக்கும் குளியல் அன்று என்பதை அச்சொல் முதலிலேயே சொல்லிவிடுகிறது. இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானைக் குறிக்கும், பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தின் 'யோவான்ஸ்நானன்', கத்தோலிக்கர் முன்பு வழங்கிய 'ஸ்நாபக அருளப்பர்' ஆகிய பெயர்களும் இந்த ஸ்நானத்திலிருந்து வந்தவையே. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவர் 'திருமுழுக்கு யோவான்' ஆனார்.

முழுகு என்னும் வினையிலிருந்து பிறந்த முழுக்கு, கிறிஸ்தவர் புதிதாகப் படைத்த சொல் அன்று. ஐப்பசிக் கடைசி நாளில் மயிலாடுதுறைக் காவிரியில் நீராடுவது கடைமுழுக்கு. கோயில் கும்பாபிஷேகம் குடமுழுக்கு. தலையில் நீர் ஊற்றியே பெரும்பாலான கத்தோலிக்கர் இச்சடங்கைச் செய்யும்போது அதை முழுக்கு எனலாமா என்று கேட்பவர்களுக்கு, குடமுழுக்கே விடையாகும்: அங்கே எதுவும் மூழ்குவதில்லை, குடத்து நீர் மேலிருந்து சொரியப்படுகிறது. மூழ்குவதற்குப் போதிய நீர் கிடைக்காதபோது தலையில் மும்முறை நீர் ஊற்றலாம் என்று தொடக்கக் காலத் திருச்சபையே விதித்திருந்ததால், மூழ்குதல், சொரிதல் என்னும் இரு முறைகளையும் தாங்கும் முழுக்கு, நீராடலை மட்டும் சொல்லும் ஸ்நானத்தைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து.

இச்சொல்லுக்கு வேறொரு வலிமையும் உண்டு. ஒன்றை அடியோடு கைவிடுவதை 'முழுக்குப் போட்டான்' என்றும், உறவை அறுப்பதைத் 'தலைமுழுகினான்' என்றும் சொல்கிறோம். இச்சடங்கில் ஒருவர் பழைய வாழ்வுக்கு இறந்து, கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டுப் புதிதாக எழுகிறார் என்று பவுல் உரோமையருக்கு எழுதினார். கத்தோலிக்க வழிபாட்டிலும் பெறுபவர் முதலில் அலகையை, அதாவது சாத்தானை, விட்டுவிடுவதாக அறிக்கையிட்ட பிறகே நம்பிக்கையை அறிக்கையிடுகிறார். சொல்லைத் தேர்ந்தவர்கள் இதை எண்ணினார்களோ இல்லையோ, தமிழ் மரபுத்தொடரும் இறையியலும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

கைவிடுதல் வெறும் பேச்சாக நிற்காத ஒருவர் நீலகண்ட பிள்ளை. 1712இல் நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய இவர், 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அவ்வரசின் படைக்கே தலைமை ஏற்ற தெ லன்னாய் என்னும் டச்சுப் படை அதிகாரி வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் தம் 33ஆம் வயதில் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் பொருளைத் தாங்கித் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழியருகே சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு 2022இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

இப்பெயர்களோடு வரும் வினைகளையும் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் 'கொடுக்கிறார்கள்'; தாமே முடிவுசெய்து வருபவர் 'எடுக்கிறார்'. பெந்தெகொஸ்தே சபையார் இந்த 'எடுத்தலை' மட்டுமே ஏற்பர்: இடுப்பளவு நீரில் வெள்ளுடையில் நிற்பவரிடம் விசுவாச அறிக்கையைக் கேட்டபின், போதகர் அவர் முதுகைத் தாங்கிப் பின்புறமாகச் சாய்த்து முழுதும் அமிழ்த்தி எழுப்புகிறார். குழந்தைப் பருவத்தில் தலையில் நீர் தெளிக்கப்பட்ட ஒருவர் இவ்வாறு ஆற்றில் மூழ்கி எழுந்தால், பழைய சபையார் அதை மறு ஞானஸ்நானம் என்று கடிந்துகொள்வர். அவரோ இப்போதுதான் முதன்முதலாக எடுத்ததாகச் சொல்வார்.