திமிங்கிலச் சுறாவின் புள்ளிகளும் விண்மீன் கணக்கும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளப்பாறைத் தொடரையொட்டிய கடலில் ஆண்டுதோறும் மார்ச் முதல் ஜூலை வரை திமிங்கிலச் சுறாக்கள் கூடுகின்றன. மீன்களிலேயே மிகப் பெரியதான இது, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்றபடி, அருகில் வரும் மனிதரைப் பொருட்படுத்தாமல், மேற்பரப்பையொட்டி நிதானமாக நீந்துகிறது. அப்போது எடுக்கப்படும் ஒரு படம், உடலின் சரியான பகுதியைக் காட்டுமானால், பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதே மீனை அடையாளம் காண உதவும்.

அதன் கருஞ்சாம்பல் நிறத் தோலில், புள்ளி வைத்துக் கோடிழுத்த கோலம் போல, வெண்புள்ளிகளும் வரிகளும் பரவியிருக்கின்றன. இந்த அமைப்பு மீனுக்கு மீன் வேறுபடுகிறது. ஆண்டுகள் கடந்தாலும் மாறுவதில்லை. ஆய்வாளர்கள் கேட்பது ஐந்தாவது செவுள் பிளவுக்குப் பின்னால், மார்புத் துடுப்புக்கு மேலே உள்ள விலாப் பகுதியை. வால் வீசி நீந்தும்போதும் அந்த இடம் அதிகம் வளைவதில்லை என்பதால் புள்ளிகளின் இடைவெளி படத்தில் சிதைவதில்லை.

படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த இரையைத் தேடி மீன் வருகிறதோ, அதுவே நீரைக் கலங்கலாக்கிவிடுகிறது. ஃப்ளாஷ் போட்டால் நடுவே மிதக்கும் துகள்கள் ஒளியைத் திருப்பியடித்துப் படமெங்கும் வெண்பொட்டுகளாக விழும்; நிங்கலூவில் ஃப்ளாஷுக்கு அனுமதியும் இல்லை. எனவே அகலக் கோண லென்ஸுடன், விதிகள் அனுமதிக்கும் இடைவெளிவரை நெருங்கி, மீனுக்கும் கேமராவுக்கும் இடையிலுள்ள நீரைக் குறைப்பதே வழி. நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவது இங்கே பெரிய இழப்பில்லை, ஏனெனில் தேவைப்படுவது நிறமன்று, புள்ளிக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடே. அலைகளின் ஊடாக இறங்கும் வெயில் முதுகில் வரைகிற வெள்ளை நெளிவுகள்தாம் உண்மையான தொந்தரவு. அவற்றைப் புள்ளிகளிலிருந்து பிரித்தறிவது கடினம்.

படங்களை ஒப்பிடும் முறை வானியலிலிருந்து வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் குரோத், இரண்டு படங்களில் உள்ள ஒரே விண்மீன் கூட்டத்தைக் கண்டறிய 1986இல் ஒரு கணிமுறையை வெளியிட்டார். வானியற்பியலாளர் ஸாவென் அர்ஸூமானியன், நிரலாளர் ஜேசன் ஹோம்பர்க், கடல் உயிரியலாளர் பிராட் நார்மன் ஆகியோர் 2005இல் அதைத் திமிங்கிலச் சுறாவுக்குப் பொருத்திக் காட்டினர். புள்ளிகளை மும்மூன்றாக இணைத்தால் முக்கோணங்கள் கிடைக்கும். 30 புள்ளிகளிலிருந்தே 4,060 முக்கோணங்கள். படம் பெரிதானாலும் சிறிதானாலும் சுழன்றாலும் ஒரு முக்கோணத்தின் பக்கங்களுக்கு இடையிலான விகிதம் மாறாது. தற்செயலாகச் சில முக்கோணங்கள் பொருந்திப்போகலாம். ஆனால் இரண்டும் ஒரே மீனின் படங்கள் என்றால், பொருந்தும் முக்கோணங்கள் எல்லாம் ஒரே அளவு மடங்கில் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். தற்செயல் பொருத்தங்கள் அப்படி ஒத்துப்போவதில்லை. இந்தக் கணக்கின் அழகே இதுதான் என்பேன். கணினி முன்வைக்கும் இணையை இறுதியில் மனிதக் கண்ணே உறுதிசெய்கிறது.

உடலில் பொருத்தும் அடையாள வில்லைகள் காலப்போக்கில் கழன்றுவிடும், புள்ளிகள் கழல்வதில்லை. பெலீஸ், ஹோண்டுராஸ், மெக்சிகோ கடல்களுக்கிடையே ஒரே சுறாக்கள் போய்வருவது இப்படிப்பட்ட படங்களால் தெரியவந்தது. அவற்றுள் பல சுற்றுலாப் பயணிகள் எடுத்தவை. இடவிலாவும் வலவிலாவும் வெவ்வேறு அமைப்பு உடையவை என்பதால், ஒரே மீனை இருமுறை எண்ணிவிடாதிருக்க இடப்பக்கத்தையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு படத்துக்குத்தான் வாய்ப்பிருக்கிறது என்றால், முக்குளிப்பவர் மீனின் இடப்பக்கமாக, விலாவுக்கு நேர் எதிரே நிலைகொள்வது நல்லது.