ஈரம் காயாத ஊரில் ஒரு ரேசர்

நவம்பரில் குன்னூரில் ஒரு துண்டு காய இரண்டு நாள் ஆகும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். போன மழைக்காலத்தில் ஒரு காலை ஷேவிங் செட்டைக் கையில் எடுத்தேன். தலைப்பகுதியும் கைப்பிடியும் சேரும் கழுத்தில் கடுகளவு ஒரு கொப்புளம். நகத்தால் நெருடியதும் பளபளப்பான பூச்சு முட்டை ஓடு மாதிரி பெயர்ந்து, உள்ளேயிருந்து சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பிளேடின் ஓரத்திலோ செம்பழுப்புத் துரு. பொடி ஒரு நோய், துரு இன்னொரு நோய். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வேதிவினைகள் குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் அடிவாரத்து மேட்டுப்பாளையத்தைவிட இங்கே இரும்பு நன்றாக இருக்க வேண்டுமே? இருப்பதில்லை. உலோகத்தின் மேல் நீர்ப்படலம் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் துருவைத் தீர்மானிக்கிறது. அரிப்பை ஆராய்கிறவர்கள் இதற்கென்றே ‘ஈர நேரம்’ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும், வெப்பம் 0 டிகிரிக்கு மேலும் இருக்கும் மணி நேரங்களை எல்லாம் கூட்டினால் அது. கீழே அரை மணியில் காய்ந்துவிடும் ரேசர், மழைக்காலத்தில் இங்கே மறுநாள் காலை வரை நனைந்தே கிடக்கிறது.

குளியலறையில் இன்னொன்றும் சேர்கிறது. 25 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்தால் 11 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் இரண்டு தேக்கரண்டிக்கும் மேலான தண்ணீர், எது குளிர்ந்திருக்கிறதோ அதன் மேல் படியும். வெந்நீரில் குளிக்கும்போது கண்ணாடி மங்குவதைப் பார்க்கிறோம். அலமாரியில் இருக்கும் ரேசரும் அதே நேரத்தில் வியர்க்கிறது. தண்ணீரே தொடாத நாளிலும் அது நனைகிறது.

சரி, நனைந்தால் என்ன நடக்கிறது? ஒரு சாதாரண இரும்புத் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில மணி நேரத்தில் சொட்டுக்குள் பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். நடுவே தகடு சுத்தமாகத் தெரியும். வளையம் இருக்கும் இடம்தான் அரிக்கப்படுகிறது என்று தோன்றும், ஆனால் துடைத்துப் பார்த்தால் குழி விழுந்திருப்பது நடுவில். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சொட்டின் ஓரத்துக்கு எளிதாக வந்துவிடும், நடுவுக்கு வருவது கஷ்டம். ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகடு வழியாக ஓரத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. கரைந்த இரும்பும் ஓரத்திலிருந்து வருவதும் நடுவழியில் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு குட்டி பேட்டரியே ஓடுகிறது. யூலிக் எவன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தச் சொட்டை வைத்துத்தான் துருவின் மின்வேதியியலை விளக்கினார். எனக்கு இன்றும் இதைப் பார்க்க அலுக்கவில்லை.

ரேசரில் பிளேடு இரண்டு தகடுகளுக்கு நடுவே நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடுக்கில் புகுந்த நீர் வெளியே வராது, ஆக்சிஜனும் உள்ளே போகாது. சொட்டின் நடுப்பகுதிக்கு நேர்ந்ததே இங்கேயும் நேர்கிறது.

பிளேடில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று போட்டிருக்கிறதே, வீட்டு எவர்சில்வர் டம்ளர் துருப்பிடிப்பதில்லையே என்று கேட்கலாம். நல்ல எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஓர் ஆக்சைடு தோலை மேலே போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும் தோல். பிளேடு எஃகில் குரோமியம் 13 சதவீதம்தான், நிக்கல் கிடையாது. கூர் நிற்க வேண்டுமானால் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடுகிறது. தோல் போர்த்த மிஞ்சுவது குறைவு. 1960-களுக்கு முன் பிளேடுகள் பெரும்பாலும் வெறும் கார்பன் எஃகுதான். ஜில்லெட் 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதுதான்.

துருப்பிடித்த பிளேடைத் தேய்த்துக் காப்பாற்ற வேண்டாம். கூரே போயிருக்கும், எறிந்துவிடுங்கள்.

உண்மையான கவலை அந்த வெள்ளைப் பொடி. விலை குறைந்த ரேசர்களின் உடம்பு பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் செம்பு, துளி மெக்னீசியம். சுமார் 385 டிகிரியிலேயே உருகிவிடுவதால் அச்சில் ஊற்றுவது சுலபம். மேலே நிக்கலும் குரோமியமும் பூசுவார்கள். பூச்சில் ஊசிமுனை ஓட்டை ஒன்று விழுந்தால் போதும், அந்தப் பூச்சே துத்தநாகத்துக்கு எதிரியாகிவிடுகிறது. எலக்ட்ரான் வாங்கப் பரந்த குரோமியப் பரப்பு முழுக்கத் தயாராக நிற்கும். கொடுப்பதோ அந்த ஓட்டையில் தெரியும் துளி துத்தநாகம் மட்டும். அரிப்பு அந்த ஒரே இடத்தில் குவிந்து உள்ளே குடைகிறது. துத்தநாகத்தின் துரு அதிக இடம் பிடிக்கும் என்பதால் பூச்சைத் தள்ளிக் கொப்புளம் எழுப்புகிறது. வீட்டில் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. ஓரம் கூராகப் பெயர்ந்தால் தோலைக் கிழிக்கும். நான் அதை மாற்றிவிட்டேன்.

பித்தளை ரேசர் வேறு சாதி. பூச்சு தேய்ந்தால் பச்சையாகக் களிம்பு வரும், அவ்வளவுதான். குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே புளி போதும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். ஆனால் ஊறப்போட்டு மறந்துவிடாதீர்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, இளஞ்சிவப்பாகச் செம்பு மட்டும் திட்டுத் திட்டாக மிஞ்சலாம்.

பளபளப்பான ரேசரில் செம்பழுப்புக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். துத்தநாகத்திலும் பித்தளையிலும் அந்த நிறத் துரு வராது, அது பிளேடிலிருந்து ஒட்டியது. எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் ஒரு நிமிடம் துடைத்துக் கழுவினால் போய்விடும்.

எங்கள் பக்கம் தேயிலைச் செடிக்குக் கவாத்து செய்யும் கத்தியில் இலைச்சாறு பட்டால் கறுத்துப்போகும். தேயிலையின் துவர்ப்புச் சத்தான தானின் (tannin) இரும்போடு சேர்ந்து கருநிறச் சேர்மம் ஆவதுதான் காரணம். மலையெல்லாம் பரவிவிட்ட சீகை (வாட்டில்) மரத்தின் பட்டையிலும் தானின் நிறைய உண்டு. துருவைக் கறுப்பாக மாற்றி நிறுத்தும் பூச்சுகளைத் தானினை வைத்தே செய்கிறார்கள். இரும்புக் கருவிக்கு நல்ல வைத்தியம், ரேசரின் உடம்புக்கு அதில் வேலை இல்லை.

அப்புறம் படிகாரம். சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கிறோம், நனைந்த அதே கையால் ரேசரை எடுத்து வைக்கிறோம். படிகார நீர் நல்ல புளிப்பு, துத்தநாகத்துக்கு ஆகாது. என் ரேசரின் கழுத்தில், விரல் படும் இடத்தில் கொப்புளம் வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இப்போது ரேசரைக் கழுவி வைத்த பிறகுதான் படிகாரத்தைத் தொடுகிறேன்.

கடைசி அலசலை வெந்நீரில் செய்கிறேன். சூடான உலோகத்தில் பனி படியாது, அதுவே தன்னைக் காய வைத்துக்கொள்ளும். கைப்பிடியை அரைச் சுற்று தளர்த்தி உதறினால் இடுக்கு நீர் இறங்கிவிடும். திருகு மரைக்கு மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் இங்கே பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும். நீலகிரித் தைலம் சோப்புப் பிசுக்கை எடுக்கும், ஆனால் ஆவியாகிவிடுவதால் காவலாக நிற்காது. பிறகு ரேசரைக் குளியலறையில் வைப்பதில்லை. சமையலறை ஜன்னல் பக்கம், அடுப்புச் சூடு படும் தட்டில் வைக்கிறேன்.