குரூப் பி ஸ்ட்ரெப் பாசிட்டிவ்: சொல்லும் பொருளும்

கர்ப்பிணியின் ஒன்பதாம் மாதத்து லேப் சீட்டில் ‘குரூப் பி ஸ்ட்ரெப் – பாசிட்டிவ்’ என்று ஒரு வரி வந்தால், கும்பகோணம் பக்கத்து வீடு ஒன்றில் அதை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். “பி பாசிட்டிவ்தானே, நம்ம தம்பிக்கும் அதே ரத்தம்தான்” என்பார் மாமியார். ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைக் கேட்டதுமே நாத்தனாருக்கு முகம் மாறும். கணவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஆபத்தாமே என்று வேர்த்துப்போவார். உண்மையில் அந்த வரி சொல்வது, உடம்பில் தங்கியிருக்கும் ஒரு கிருமியைப் பற்றி. மூன்று பேரின் குழப்பத்துக்கும் காரணம் அதில் உள்ள சொற்கள்தான். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை.

முதலில் பாசிட்டிவ். ‘வைத்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. வைக்கப்பட்டது, நிலைநாட்டப்பட்டது என்பதே அதன் பழைய பொருள். ஆய்வகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்: தேடிய பொருள் கிடைத்தது. நல்லதா கெட்டதா என்பது அதில் இல்லை. ரத்த வகையில் வரும் பாசிட்டிவ், ரத்தச் சிவப்பணுவில் ஆர்.எச். காரணி என்ற புரதம் இருப்பதைச் சொல்கிறது. கர்ப்பம் உறுதியானாலும் பாசிட்டிவ்தான். அப்போது யாரும் பயப்படுவதில்லை. ஆனால் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்ட பிறகு, நம் ஊர்களில் இந்தச் சொல்லுக்கு ஒரு கறை ஒட்டிக்கொண்டது. கொரோனா அதை இன்னும் அழுத்திவிட்டது. நாத்தனாரின் முகம் மாறுவது அதனால்தான்.

இதற்குத் தமிழில் ‘நேர்மறை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நேர்மறை எண்ணம் என்று கேட்டுக் கேட்டு அதற்கு ‘நல்லது’ என்ற வாடை வந்துவிட்டது. நம்மிடம் சுருக்கமான சொல் இருக்கிறது: உண்டு. பாசிட்டிவ் என்றால் உண்டு, நெகட்டிவ் என்றால் இல்லை. சீட்டில் அப்படி அச்சடித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து குரூப் பி. இதற்கும் ரத்த வகைக்கும் சம்பந்தமே இல்லை. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்த ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு, 1933இல் இந்தக் கிருமிக் குடும்பத்தை அவற்றின் செல்சுவரில் உள்ள மாவுச்சத்துப் பொருளை வைத்துப் பிரித்து ஏ, பி, சி என்று பெயரிட்டார். அது வெறும் அடையாள எழுத்து. தொண்டைப்புண்ணையும் அதைத் தொடர்ந்து சில பிள்ளைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சலையும் உண்டாக்குவது ஏ வகை. இங்கே பேசுவது பி வகையை. ‘குழு பி’ என்று பெயர்ப்பதைவிட ‘பி வகை’ என்பதே போதும்.

ஸ்ட்ரெப் என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பதன் சுருக்கம். வியன்னாவின் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் 1874இல் புண்களில் இந்தக் கிருமிகளைப் பார்த்து வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘ஸ்ட்ரெப்டோஸ்’ என்றால் முறுக்கப்பட்டது, முறுக்குச் சங்கிலி போன்றது. ‘கோக்கோஸ்’ என்றால் தானிய மணி. நுண்ணோக்கியில் உருண்டை உருண்டையாகச் சரம் கோத்ததுபோல் தெரிவதால் இப்படி. தமிழில் தானியமும் மணிதான், கோக்கிற பாசியும் மணிதான். ஆகவே ‘மணிச்சர நுண்ணுயிர்’ என்றால் பில்ரோத் கண்டது அப்படியே வந்துவிடுகிறது. மருத்துவரிடம் பேசும்போது ஸ்ட்ரெப் என்றே சொல்லுங்கள், வீண் குழப்பம் வேண்டாம். வீட்டில் விளக்க இந்தச் சொல் உதவும்.

இந்தக் கிருமியின் முழுப்பெயரில் இன்னொரு சொல் ஒளிந்திருக்கிறது: அகலாக்டியே. ‘அ’ என்றால் இல்லை, ‘கலா’ என்றால் பால். பால் இல்லாமல் செய்வது என்று பொருள். (பால்வீதிக்கான கேலக்ஸியும் இதே ‘கலா’விலிருந்து வந்ததுதான்.) காரணம், இது முதலில் பேர் வாங்கியது மாட்டுத் தொழுவத்தில். பசுவின் மடி வீங்கிக் கல்லாகி, பால் திரிந்து, கறவை விழுந்துபோகும் மடிநோய்க்கு இதுவும் ஒரு காரணம். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசுகிற கைவைத்தியம் மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். பெயரைப் படித்துவிட்டு, தாய்க்குப் பால் சுரக்காதோ என்று யாரும் கலங்க வேண்டாம். அது மாட்டுக்கு வைத்த பெயர். சோதனையில் ‘உண்டு’ என்று வந்த தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

இனி முக்கியமான சொல்லுக்கு வருவோம். சீட்டில் அது இருக்காது, மருத்துவர் வாயில் வரும்: காலனைசேஷன். இதைத் ‘தொற்று’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு என்பதுதான் என் கட்சி. தொற்று என்றால் கிருமி உடம்பைத் தாக்கி நோய் உண்டாக்குவது. இதுவோ குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா தங்கியிருப்பது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, பெரும்பாலோருக்கு அடையாளமே கிடையாது. இன்று இருக்கும், சில மாதத்தில் போகும், திரும்பவும் வரும். லத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் நிலத்தை உழுது அங்கேயே தங்குகிற குடியானவன்; காலனி என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. உழுபவர் பங்கு குடிவாரம், நில உடைமையாளர் பங்கு மேல்வாரம் என்று பேசிய காவிரிப் படுகைக்கு இந்தப் பொருளை விளக்கவே வேண்டாம். ‘குடியேற்றம்’ என்றால் படையெடுப்பு மாதிரி ஒலிக்கிறது. நான் ‘குடியிருத்தல்’ என்பேன்.

உலக அளவில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 18 சதவீதத்தினரிடம் இந்தக் குடியிருத்தல் உண்டு. தெற்காசியாவில் அதைவிடக் குறைவு. இது ஒழுக்கக்கேட்டின் அடையாளமோ சுத்தக்குறைவோ அல்ல. கணவருக்கு மருந்து தேவையில்லை.

அப்படியானால் ஏன் பார்க்கிறார்கள்? பிரசவத்தின்போது குழந்தைக்கு ஒட்டும் என்பதால். மருந்து போடாவிட்டால் இத்தகைய தாய்மாரின் குழந்தைகளில் பாதிப்பேருக்குக் கிருமி ஒட்டும். 100க்கு ஒன்று இரண்டு பேருக்கு நோயாகும். அந்த ஒன்றிரண்டில் ரத்தத்தில் நஞ்சேறுதல், நிமோனியா, மூளைக்காய்ச்சல் எல்லாம் அடக்கம் என்பதால்தான் இத்தனை கவனம். அமெரிக்காவில் 36, 37ஆம் வாரத்தில் எல்லோருக்கும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கிறார்கள். பிரிட்டனில் எல்லோருக்கும் செய்வதில்லை. நம் அரசு மருத்துவமனைகளிலும் இது வழக்கமான சோதனை அல்ல. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் ஆனது, குறைமாதம், பிரசவ நேரக் காய்ச்சல் போன்ற ஆபத்துக்குறிகளை வைத்து மருந்து தொடங்குவது இன்னொரு முறை.

மருந்து பெரும்பாலும் பென்சிலின் அல்லது ஆம்பிசிலின், நரம்பு வழியாக, வலி தொடங்கிய பிறகு. முன்னாடியே மாத்திரை போட்டுத் தீர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். அது நிலைக்காது, பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடலாம். ஆனால் சிறுநீரில் இதே கிருமியால் தொற்று என்றால் அப்போதே மருந்து உண்டு, பிரசவத்தின்போது மறுபடியும் உண்டு. வலி எடுப்பதற்கும் பனிக்குடம் உடைவதற்கும் முன்பே திட்டமிட்டுச் செய்யும் சிசேரியனுக்கு இந்த மருந்து வேண்டியதில்லை.

குழந்தை பிறக்க நான்கு மணி நேரத்துக்கு முன்பாவது முதல் டோஸ் ஏறியிருப்பது நல்லது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற நம் வழக்கத்தில் இங்கேதான் இடிக்கும். சோதனை திருச்சியில், பிரசவம் மன்னார்குடியில் என்றால், சீட்டு திருச்சி வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். கர்ப்பிணி அட்டையிலேயே அந்த வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் பக்கத்திலேயே அதையும். பனிக்குடம் உடைந்தால், ‘வலி வரட்டும், அப்புறம் போகலாம்’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

குழந்தைக்கு வரும் நோயிலும் இரண்டு வகை உண்டு. முதல் வாரத்துக்குள் வருவது ஒன்று. அதிலும் பெரும்பாலும் முதல் நாளிலேயே தெரியும். பிரசவ நேர ஊசி தடுப்பது இதைத்தான். ஒரு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை வருவது இன்னொன்று. அதை அந்த ஊசி தடுப்பதில்லை. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, முனகினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, உரைமருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் உடனே குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.